தலைகீழாய்ச் சாய்த்த முகம்

அவள் இடது கன்னத்தில் கொசு ஒன்று வயிறு புடைக்கக் குடித்துவிட்டுப் பறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தவர் கணவர்தான். பேருந்து ஓட்டுகிற கை. பட்டென்று ஒன்று வைத்தார்.

"வலிக்கலையா?"

"அடிச்சீங்களா?" என்றாள் அவள்.

மருந்துக்கடையில் பத்தொன்பது வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். தெரு அவளுக்கு வைத்த பெயர் 'சுவர்'. கல்யாணச் செய்தியோ சாவுச் செய்தியோ, முகத்தில் ஒரு கோடு அசையாது. சுவருக்கும் காது உண்டே, பெயர் அவளுக்கும் எட்டியது, அதற்கும் அசையவில்லை. அப்பேர்ப்பட்டவள் எண்ணெய்ச் சாயத்தில் முகம் வரையப் பழகுகிறாள் என்றால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும்?

வாத்தியார் கொடுத்த முதல் பாடம், யாரோ ஓர் ஓவியன் தன்னையே வரைந்த படத்தின் அச்சு. பச்சைக் கன்னம், நீல நெற்றி, வெந்நீர் பட்டதுபோல் சிவந்த கண்கள்.

"கண்ணாடியில தெரிஞ்சதை விட்டுட்டு உள்ள எரிஞ்சதை வரைஞ்சிருக்கான்மா. முகம்னு பாத்தா கை நடுங்கும். அச்சு, கேன்வாஸ் ரெண்டையும் தலைகீழா வச்சுக்குங்க. இருபத்துநாலு கட்டம் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு கட்டமா முடிங்க."

அப்படியே வரைந்தாள். கொசு கடித்தது ஒன்பதாம் நாள். அன்று மாலையே ஊசி எடுத்துக் கன்னத்தைக் குத்திப் பார்த்தாள். மரத்துப்போன இடம் வளைந்து நெளிந்து போகவில்லை. நேராக ஓடி, மூலையில் திரும்பியது. வரைந்த கட்டங்கள் ஒன்பது. மரத்த கட்டங்களும் ஒன்பது.

வேறொருத்தியாக இருந்தால் அலறியிருப்பாள். இவளோ மறுநாளும் தூரிகை எடுத்தாள். பல் பிடுங்க ஊசி போட்டதுபோல் ஒரு சுகம் அதில். அறையெல்லாம் சாயத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் நெடி. தூரிகை உரசி நின்ற பிறகும், கேன்வாஸ் பக்கமிருந்து மெல்லிய உரசல் ஒன்று, யாரோ வலியைப் பல்லால் கடித்துப் பொறுப்பதுபோல், கேட்டுக்கொண்டேயிருந்தது.

இருபத்திரண்டில் நிறுத்தினாள். பாக்கி இரண்டும் வாய்.

மாடியில் இருக்கும் தங்கை, மதியம் தோறும் தன் பத்து மாதக் குழந்தையைக் கொண்டுவந்து விடுவாள். பெரியம்மாவின் வாய்க்குள் விரலை விட்டு உதட்டைப் பிடித்து இழுப்பது அதற்கு விளையாட்டு. சுவருக்குள் ஒரு விளக்கு எரிவது அந்தச் சில நிமிடம்தான். அதையும் சாயத்துக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. படத்தை நிமிர்த்திப் பார்க்கவும் துணியவில்லை. தலைகீழாகவே, தரையில் சுவரோரம் சாய்த்துக் காயவைத்தாள். காய வாரக்கணக்காகும். அதற்குள் யார் தொடப்போகிறார்கள்?

மறுநாள் மதியம். மழை. தங்கை வாசலில் குடையை உதறினாள்.

"என்னக்கா, உன் புருஷனை வரையுறியா? அவருக்கு இவ்வளவு அழகு ஆகாதே!" சிரித்தபடி குழந்தையைத் தரையில் விட்டாள்.

அக்கா அடுப்பருகே நின்று பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால், முழங்கால்கள் தவழும் சத்தம். தப். தப். நின்றது.

குழந்தை சிரித்தது.

அவள் இடது கண்ணில் அடுப்பு குழைந்தது. நீலம் பச்சைக்குள் இழுபட்டது. நான்கு கோடுகளாக. பிறகு அந்தப் பக்கம் எதுவும் இல்லை.

வலி? இல்லை.

திரும்பினாள். தலைகீழ்ப் படத்தில் கண்கள் அடியில் இருந்தன. தவழும் கைக்கு எட்டும் உயரத்தில்.

"அக்கா..." தங்கையின் முதுகு கதவில் மோதியது. "அக்கா, உன் கண்ணு... உன் கண்ணு எங்க?"

கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாடையில் ஒன்றும் தெரியவில்லை. உதட்டுக்கு மட்டும் தெரிந்தது. மேலிருந்து ஏதோ வழுக்கி வந்து அதன் ஓரத்தில் நின்றது. சூடாக. வழவழவென்று. கனமாக.

வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும். திறக்கவில்லை.

மிச்சமிருந்த கண்ணால் பார்த்தாள். குழந்தை சாயம் படிந்த விரல்களை விரித்துப் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தது. பிறகு படத்தின் பக்கம் திரும்பி, அடுத்த கண்ணை நோக்கிக் கையை நீட்டியது.