திருநீற்றுப்பச்சை வாசனை

"கைய ஒழுங்கா கழுவுனியாடி?"

அடுப்பில் காப்பி பொங்கி வழிந்ததைக்கூடப் பாராமல் கேட்டாள் மாமியார் எவந்தியா. உள்ளே அவள் மகன் ஸ்டமாட்டிஸ் கம்பளிக்குள் பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

"கழுவினேன் அத்தை... மருந்து போட்டுத்தான் கழுவினேன்!"

"அப்புறம் திங்கக்கெழமை ஆனா காய்ச்சல் எப்படி வருது? உன்னை நம்பி எம்புள்ளைய விட்டேன் பாரு!"

மருமகள் பொலிக்ஸேனி பொங்கிய காப்பியை இறக்கிவைத்தாள். கணவனின் குடலை வெட்டி எடுத்த பிறகு அவனுக்குச் சாப்பாடெல்லாம் நெஞ்சில் ரத்தநாளத்துக்குள் பதித்த குழாய் வழியாகத்தான். இரவில் ஏற்றும் சத்துநீர். தையல்கடையை மூடிவிட்டு அந்தக் குழாய்க்குக் காவலிருந்தவள் அவள். மற்ற ரத்தநாளங்கள் ஒவ்வொன்றாக அடைத்துப்போயிருந்தன. இந்தக் குழாயும் போனால் அடுத்ததைப் பதிக்க இடம் கிடைப்பதே அரிது.

அவளுக்குள் ஒரு கேள்வி முளைத்தது. தன் கைதான் அழுக்கென்றால் தினமும் காய்ச்சல் வர வேண்டாமா? திங்கட்கிழமை மட்டும் ஏன்?

கலமாத்தா நகரத்து ஆஸ்பத்திரியில் குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள்.

"கை ரத்தத்தைவிடக் குழாய் ரத்தத்துலதான் கிருமி முதல்ல வளர்ந்திருக்கு. குழாயை எடுத்தே ஆகணும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா இது தோல்ல இருக்குற கிருமி இல்லம்மா. தேங்கின தண்ணியில வளர்றது. எங்கேயாவது தண்ணி பட்டுச்சா?"

பொலிக்ஸேனிக்குப் பொறி தட்டியது. ஞாயிறு இரவு குழாயின் மூடியைத் திருகியபோது மெல்லிய திருநீற்றுப்பச்சை வாசனை... சாமிப் படத்தடியில், அந்த இலை ஊறிக்கிடக்கும் கோயில் தீர்த்தப் புட்டியின் வாசனை! ஞாயிறுதோறும் அவள் இறைச்சித் தட்டைச் சுட்டு வாங்க ரொட்டிக்கடை அடுப்புக்குக் கொண்டுபோகும் நேரத்தில் வீட்டில் இருப்பது யார்?

மாமியாரைப் பார்த்தாள். அந்த முகம் வெளுத்துக்கிடந்தது.

"நான்தான் டாக்டர்... ஈரக்கையோட தொட்டுட்டேன்" என்றாள் பொலிக்ஸேனி.

"இல்ல!" எவந்தியா அலறினாள். "நான்தான்! கோயில்ல குடுத்த தீர்த்தத்தைப் பஞ்சுல தொட்டு, மூடியத் திறந்து துடைச்சேன். சாமி தண்ணி கெட்டுப்போகாதுன்னு நெனச்சேனே... ஐயோ, எம்புள்ளைய நானே..." மருமகளின் தோளை உலுக்கினாள். "தெரிஞ்சும் ஏண்டி பழிய ஏத்துக்கிட்ட? உன்னை என்னெல்லாம் பேசினேன்!"

"அவர் கண்ணு முழிச்சா அம்மாவத்தான் தேடுவாரு, அத்தை. அந்த நேரத்துல அவருக்கு உங்க மேல கோவம் வரக் கூடாதுல்ல..."

எவந்தியா அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

கிருமியை மருந்து அடக்கியது. டாக்டரம்மா தேடித் தேடி இடப்பக்கம் ஒரு நாளத்தைக் கண்டுபிடித்துப் புதுக் குழாய் பதித்தார்.

வீடு திரும்பிய பின் வந்த ஞாயிறு. இறைச்சித் தட்டோடு கிளம்பிய பொலிக்ஸேனியை வாசலில் மறித்தாள் எவந்தியா, கையில் அதே புட்டி.

"குழாய்ப் பக்கமே போக மாட்டேன், சத்தியம். ஆனா மனசு கேக்கலையே... இதை எங்கதான்டி தெளிக்கட்டும்?"

பொலிக்ஸேனி தட்டைக் கீழே வைத்தாள். மாமியாரின் முன் தலையைக் குனிந்தாள்.

"இங்க தெளிங்க, அத்தை."