தெளிவான சத்தம்

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் வரும் அந்தச் சின்ன இடைவெளியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

யுகேந்திரன் முதலில் அதைத் தன் மூச்சு என்றுதான் நினைத்தான். ஈப்போவில் சாயங்கால மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது; வைப்பர் கண்ணாடியை இழுக்கும் சத்தம், ஏர்கோனின் இரைச்சல், பக்கத்து லாரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போகும் சத்தம் என்று காருக்குள் எத்தனையோ இருந்தன. அடுத்த பாட்டு முடிந்தபோது தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அப்போதும் கேட்டது. ஈரமான மூச்சு. இழுக்கும்போது தடுமாறி, விடும்போது நடுங்கி, இடது கதவின் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

கார் அவனுடையது அல்ல, அவன் அண்ணன் தர்மாவுடையது. தர்மா அந்தக் காரில்தான் செத்துப்போனார்.

கோப்பெங்குக்கு அப்பால், அவர்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துத் தரைமட்டமாக்கி வெகுகாலம் ஆகிவிட்டது. குடித்துவிட்டால் தர்மா அங்கேதான் போவார். லயம் இருந்த இடத்தில் காரை நிறுத்திக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டு, நெஞ்சு அடைக்கிறது, செத்துவிடுவேன் போலிருக்கிறது என்று அழுவார். பல தடவை யுகேந்திரன் அடித்துப் பிடித்து ஓடியிருக்கிறான். போனால் அண்ணன் பின் சீட்டில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். கடைசித் தடவை இவன் போகவில்லை. காலையில் பனங்குலை வெட்ட வந்தவர்கள்தான் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்கள்.

"போன் வந்துச்சு அண்ணி. அந்தத் தோட்டத்துல லைன் எங்க இருக்கு? ஒண்ணுமே கேக்கல," என்று சாவு வீட்டில் கலாதேவியிடம் சொன்னான். அவள் நம்பினாள். நம்பியதோடு விடவில்லை. "ஒன் மேல என்னப்பா தப்பு," என்று இவன் தலையைத் தடவி, காரியம் முடிந்ததும் கார்ச் சாவியையும் கையில் வைத்தாள். அவர் ஆசையாக வாங்கிய வண்டி, உன்னிடம்தான் இருக்க வேண்டும் என்றாள்.

கேட்டது. அன்று எல்லாமே கேட்டது. அது இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருவரை எரித்தாகிவிட்டது. அம்மா போன பிறகு யுகேந்திரனுக்கென்று தட்டு எடுத்து வைப்பது உலகத்திலேயே கலாதேவி ஒருத்திதான். உண்மை தெரிந்தால் அந்தத் தட்டு மட்டுமா போகும்? அவள் பிள்ளைகள் இவனைச் சித்தப்பா என்று கூப்பிடுவதும் போகும். பிறகு இவனுக்கு யார் இருக்கிறார்கள்?

காரை விற்றுத் தொலைக்கவும் வழியில்லை. வண்டியின் கிரான் பத்திரம் இன்னும் செத்தவர் பேரில் இருந்தது. திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பாள். கோயிலுக்குப் போனால் பூசாரி என்ன நடந்தது என்று கேட்பார். எதையும் கேட்காத ஆள் ஒருவன் இருந்தான். பவித்ரன், பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, ஈப்போவில் ஒரு பின்சந்தில் கார் ஸ்பீக்கர் கடை வைத்திருப்பவன். யுகேந்திரன் நேரே அங்கே போனான்.

"எர்த் சரியில்லலா மச்சான்," என்றான் பவித்ரன், காதைக் கதவில் வைத்துவிட்டு. "எண்ணெய் பெடல அமுக்கிப் பாரு. இஞ்சின் ஏற ஏற இந்தச் சத்தமும் ஏறும்."

அமுக்கிப் பார்த்தார்கள். இஞ்சின் ஏறியது. மூச்சு தன் பாட்டுக்கு மெதுவாகவே வந்தது.

"அப்ப ஸ்பீக்கர் ரோசாக், கெட்டுப்போச்சு. கம்பெனி போட்டுக் குடுக்குறது எல்லாம் வெறும் காகிதம் மச்சான். மாத்திருவோம். நல்லதா போட்டா பாட்டத் தவிர ஒண்ணும் கேக்காது."

இந்த வார்த்தை யுகேந்திரனுக்குப் பிடித்துப்போனது. நல்ல சத்தம் கெட்ட சத்தத்தை அமுக்கிவிடும் என்று அவனும் நம்பினான். பவித்ரன் கதவுப் பேனலைக் கழற்றி, பழைய ஸ்பீக்கர்களைப் பிடுங்கிப் போட்டுப் புதியவற்றை முடுக்கினான். வீடு போகும் வழியெல்லாம் பாட்டு அருவி மாதிரி கொட்டியது. அண்ணன் காரில் இப்படி ஒரு பாட்டைக் கேட்டதே இல்லை. அவன் சிரித்துக்கூடக் கொண்டான்.

பிறகு பாட்டு முடிந்தது. பழைய ஸ்பீக்கரில் வெறும் மூச்சாக இருந்தது, புதியதில் ஆளாக இருந்தது. உதடு ஒட்டிப் பிரிவது கேட்டது. எச்சில் தொண்டையில் இறங்காமல் நிற்பது கேட்டது.

புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். யுகேந்திரன் மறுபடியும் பவித்ரனிடம் போனான். கண்ணாடி ஓரம் ட்வீட்டர் என்னும் சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டு ஏறின. அன்று சாயங்காலம், பேரங்காடியின் அடித்தளத்தில் காரை நிறுத்தியபோது, சீட்டுத் துணியை நகத்தால் பிராண்டும் சத்தம் கேட்டது. மெல்ல, விட்டு விட்டு, பிடிக்க எதுவும் கிடைக்காத விரல்கள். இவன் திரும்பிப் பார்த்தான். பின் சீட்டு காலியாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டுத் துணி வாசத்துக்கும் ஏர்கோன் வாசத்துக்கும் அடியிலிருந்து வியர்வை வாசம் ஒன்று வந்தது. அண்ணன் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போடும்போது வரும் அதே வாசம்.

பின்னால் பெரிய வூஃபரை வைத்தான் பவித்ரன். தொம் தொம்மென்று அதிர்ந்தால் எந்தப் பேயும் ஓடிவிடும் என்று கேலிகூடப் பேசினான். அது அதிர்ந்தது உண்மைதான். பாட்டை நிறுத்திய பிறகும் அதிர்ந்தது. காதில் விழாமல் முதுகெலும்பில் ஏறும் ஒரு தட்டல். ஒன்று. இரண்டு சேர்ந்தாற்போல். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. சீட்டில் சாய்ந்திருந்த யுகேந்திரன் அடுத்த தட்டலுக்காகக் காத்திருந்தான். அது வந்தபோது தன் முகம் கண்ணீரில் நனைந்திருப்பதைக் கண்டான். "வேணாம்ணே," என்றான் யாருமில்லாத காரில்.

அதற்குப் பிறகும் யுகேந்திரன் விடவில்லை. வெளிச் சத்தம்தான் ஏதோ வழியில் உள்ளே வருகிறது என்று சொல்லி, நான்கு கதவுக்குள்ளும் தரையிலும் தார் வாசமடிக்கும் தடித்த பட்டைகளை ஒட்ட வைத்தான். லாரிச் சத்தம் நின்றது. மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது. உள்ளே இருந்தது மட்டும் உள்ளேயே இருந்தது.

கடைசியாக மிச்சமிருந்தது ட்யூனிங். ஒவ்வொரு சத்தத்தையும் அதனதன் இடத்தில் வைக்கும் வேலை அது. பாடுகிறவன் கண்ணாடிக்கு முன்னால் நடுவில் நிற்க வேண்டும், மேளக்காரன் அவனுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பவித்ரன் மடிக்கணினியோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். யுகேந்திரன் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தான். பவித்ரனின் விரல்கள் தட்டின, நகர்ந்தன, மறுபடி தட்டின. பிறகு நின்றன. அவன் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தி, முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

கதவைத் திறந்து இறங்கியபோது அவன் உதடு வெளுத்திருந்தது.

"வண்டிய எடுத்துட்டுப் போயிரு மச்சான்."

"முடிஞ்சிருச்சா?"

"சத்தத்த அது அது எடத்துல வெச்சுட்டேன்லா. அது எங்க இருக்கோ அங்கேருந்துதான் கேக்குது." கையைச் சட்டையில் துடைத்தான். "இனிமே இங்க கொண்டாராத."

அந்த வாரம்தான் கலாதேவி போன் செய்தாள்.

"தம்பி, வருசத் திதி வருது. அதுக்கு முன்னால அவரு உயிரு போன எடத்துல சூடம் ஏத்தணும். நான் இன்னும் அந்த எடத்தப் பாத்ததே இல்ல. கூட்டிட்டுப் போறியா?"

"போலாம் அண்ணி. கிரேப் டாக்சி புக் பண்ணிக்கலாம், வண்டி கொஞ்சம்..."

"எதுக்கு? அவரு வண்டியிலேயே போவோம்."

அன்று காலையில் யுகேந்திரன் குறடோடு காருக்குள் இறங்கினான். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கம்பியை வெட்டினான். ஸ்பீக்கர் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினான். பியூஸைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். பிறகு உள்ளே உட்கார்ந்து கேட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

வழியெல்லாம் கலாதேவி பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். சுண்ணாம்பு மலைகள் பின்னால் போயின, கோப்பெங் பின்னால் போனது. செம்மண் பாதையில் இறங்கியதும் செம்பனை மட்டைகள் இரண்டு பக்கமும் வானத்தை மூடிக்கொண்டன. மழை தூறத் தொடங்கியது. லயம் இருந்த இடத்தில் அவன் காரை நிறுத்தினான். அவள் இறங்கி, ஒரு கல்லின் மேல் வெற்றிலையை வைத்துச் சூடத்தைப் பற்ற வைத்தாள். பற்றியது, அணைந்தது. மறுபடி பற்ற வைத்தாள், அணைந்தது. மழை வலுத்தபோது நனைந்த தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

சாத்தியதும் மழைச் சத்தம் நின்றுபோனது. அவள் ஆச்சரியப்பட்டுக் கதவைத் தொட்டுப் பார்த்தாள். "என்னப்பா, இப்படி அமைதியா இருக்கு?"

அப்போது போன் அடிக்கும் சத்தம் கேட்டது. அவள் போனும் இல்லை, இவன் போனும் இல்லை. கூப்பிட்டவன் காதில் கேட்கும் அந்த நீண்ட மணி. எல்லா ஸ்பீக்கரிலும்.

மணி நின்றது.

"என்ன?" என்றது ஒரு குரல். கண்ணாடிக்கு முன்னால், சரியாக நடுவில். யுகேந்திரனின் குரல்.

"தம்பி..." பின் சீட்டிலிருந்து. "நெஞ்சு வலிக்குதுடா. ரொம்ப வேர்க்குது. கேக்குதா?"

"கேக்குது. நல்லாவே கேக்குது. தெனம் இதே கூத்துதான ஒனக்கு?"

"சத்தியமா குடிக்கலடா. கைய அசைக்க முடியல. வாடா."

"செத்தா சொல்லியனுப்பு, வாரேன்."

மேசையில் போனைப் போடும் சத்தம். இணைப்பைத் துண்டிக்கவில்லை. போட்டான், அவ்வளவுதான். டிவியில் யாரோ சிரித்தார்கள். கரண்டி தட்டில் பட்டது. ஒருவன் சாப்பிட்டான். மெல்லும் சத்தம், விழுங்கும் சத்தம், தண்ணீர் குடிக்கும் சத்தம். எல்லாம் துல்லியமாக. அதற்குப் பின்னால், பின் சீட்டில், இழுக்கும் மூச்சு. பிராண்டும் நகம். நின்று நின்று தட்டும் நெஞ்சு.

"அண்ணி," என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. கதவைத் திறந்து மழையில் இறங்கினாள். பின் கதவு திறந்தது. சாத்திக்கொண்டது. அவன் சின்னக் கண்ணாடியில் பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் சீட்டின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள், படுத்திருப்பவருக்கு இடம் விடுகிறவளைப் போல. ஈர முந்தானையை மடியில் விரித்தாள்.

"சத்தத்தக் கூட்டு, தம்பி."

"அண்ணி, வயர எல்லாம் வெட்டிட்டேன்..."

"கூட்டு."

திருகினான். கூடியது.

கரண்டி. தட்டு. சிரிப்பு. மூச்சு.

கண்ணாடியில் அவள் மடி மெல்லக் குழிந்தது. கனமான எதையோ தாங்குவது போலத் துணி இறங்கியது. அவள் விரல்கள், மடிக்குச் சற்று மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் தலைமுடியைக் கோதின. கோதக் கோத, அந்தக் குழிவைச் சுற்றி முந்தானையில் வியர்வைக் கறை ஒரு தலையளவுக்குப் பரவிக்கொண்டே போனது.