பாண் பெட்டியும் பத்து மூட்டை அரிசியும்

புறப்படுவதற்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது.

லக்சிகா அதை எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். சந்தோஷத்தில் அல்ல. பல் பிடுங்கப் போகிறவர்கள் நேரத்தை எண்ணுவார்களே, அப்படி.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு இரண்டு குடும்பங்கள் கிரான்பர்னிலிருந்து சிட்னிக்குப் புறப்படுகின்றன. மேய்ஸ் ஹில் முருகன் கோயில் திருவிழாவுக்கு. ஒன்று லக்சிகாவின் குடும்பம். மற்றது பக்கத்து வீட்டு அக்ஷராவின் குடும்பம். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி வெள்ளி நிறக் கார். இரண்டு காருக்குப் பின்னாலும் ஒரு கரவன். கரவன் என்றால் சக்கரம் வைத்த வீடு. காரில் கொளுவி இழுத்துக்கொண்டு போகலாம். நிறுத்திய இடத்தில் சமைக்கலாம், படுக்கலாம்.

கார்கள் ஒரே மாதிரி. கரவன்கள்தான் வேறு.

அக்ஷரா வீட்டுக் கரவன் பஸ் அளவு இருந்தது. மூன்றடுக்குக் கட்டில், தொலைக்காட்சி, உள்ளேயே குளியலறை. லக்சிகா வீட்டுக் கரவனிலோ கூரையைக் கையால் தள்ளி உயர்த்தினால்தான் அப்பா நிமிர்ந்து நிற்க முடியும்.

அதற்கு அக்ஷராவின் தம்பி தனோஜன் ஒரு பெயர் வைத்திருந்தான்: பாண் பெட்டி. அதாவது, ரொட்டி வைக்கும் பெட்டி.

"பாண் பெட்டி ரெடியோ?" என்று வேலிக்கு மேலால் கத்துவான். எட்டு வயதுதான். ஆனால் குரல் எண்பது வீடுகளுக்குக் கேட்கும்.

லக்சிகாவுக்கு அதிகம் வலித்தது அதுவல்ல. அந்தப் பெரிய கரவனை முதலில் பார்த்தது அவள்தான். இரண்டு மாதத்துக்கு முன் அப்பாவோடு விற்பனைக்கூடத்துக்குப் போனபோது, அதன் மேல் கட்டிலில் ஏறிப் படுத்தும் பார்த்திருந்தாள். முகத்துக்கு நேரே சின்ன ஜன்னல். படுத்துக்கொண்டே வானம் பார்க்கலாம்.

"இது வேண்டாம் பிள்ளை," என்றார் அப்பா.

"ஏன்?"

"எங்கட கார் இரண்டாயிரம் கிலோதான் இழுக்கும். இது வெறும் பெட்டியே ஆயிரத்து எழுநூற்று அறுபது."

"அப்ப குறைவுதானே!"

"வெறும் பெட்டியையோ கொண்டு போகப் போறம்? தண்ணி, காஸ், சட்டி பானை, உன்ர உடுப்பு, உன்ர புத்தகம், அம்மான்ர ஊறுகாய்… எல்லாத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பாக்க வேணும்."

லக்சிகாவின் காதில் 'வேண்டாம்' மட்டும்தான் விழுந்தது. அடுத்த வாரமே அதே கரவன், அதே ஜன்னலோடு, பக்கத்து வீட்டு வாசலில் வந்து நின்றது.

இப்போது அக்ஷரா அதன் கதவிலிருந்து கை காட்டினாள். "லக்சி, உள்ள வந்து பார். அம்மா திரைச்சீலை போட்டுட்டா!"

லக்சிகா போனாள். மஞ்சள் திரைச்சீலை. மேல் கட்டிலில் அக்ஷராவின் தலையணை.

"நல்லாயிருக்கு," என்றாள். வாயில் புளித்த மோர் குடித்த மாதிரி இருந்தது. 'கழிவறை அடைக்கட்டும்,' என்று மனதுக்குள் நினைத்தாள். 'ஒரே ஒரு தரம் அடைச்சாப் போதும்.'

கீழே அக்ஷராவின் அம்மா நிரூபா அன்ரி கட்டிலுக்கு அடியில் மூட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன அன்ரி இவ்வளவு?"

"அரிசி. முருகனுக்குப் பத்து மூட்டை அரிசி தாறன் எண்டு நேர்த்தி வச்சனான். சுஜீதன் அங்கிளுக்கு வேலை கிடைச்சதுக்கு." பத்தும் இருபது கிலோ மூட்டைகள். அவற்றுக்குப் பக்கத்தில் மா அரைக்கும் கிரைண்டர், இரண்டு பெரிய அண்டா.

லக்சிகா வெளியே வந்தபோது தனோஜன் குழாயைப் பிடித்தபடி நின்றான். "ரெண்டு டாங்கும் ஃபுல்! நூற்றித் தொண்ணூறு லீட்டர்! பாண் பெட்டியில எவ்வளவு? ஒரு கப்போ?"

 லக்சிகா அக்ஷராவின் காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பின்பக்கம் பதிந்து, மூக்கு மேலே தூக்கி, குந்தியிருக்கும் நாய் மாதிரி நின்றது. அவர்களுடைய கார் அப்படி நிற்பதில்லையே. அதே கார்தானே?

நூற்றித் தொண்ணூறு லீட்டர் தண்ணீர் என்றால் நூற்றித் தொண்ணூறு கிலோ. ஆயிரத்து எழுநூற்று அறுபதோடு கூட்டினாள். அரிசி இருநூறு. அதையும் கூட்டினாள். கிரைண்டரையும் அண்டாவையும் கூட்டவே தேவை இருக்கவில்லை.

இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அவள் மனதில் முதலில் வந்தது பயமல்ல. குதூகலம். 'இவையால போக ஏலாது! இந்தக் கரவன் இங்கயேதான் நிக்கும்!' ஒரு நொடிதான். அந்த நொடி முடிந்ததும் தன்னைப் பார்க்கவே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

"அக்ஷரா," என்றாள் மெல்ல, "உங்கட கரவன் பாரம் கூடிப் போச்சு."

அக்ஷரா மேல் கட்டில் ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். "உனக்குப் பொறாமை லக்சி."

"இல்லை!"

அந்த 'இல்லை' கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. லக்சிகா வீட்டுக்கு ஓடினாள்.

அப்பா கார் ரயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும் சொன்னனான் பிள்ளை. கரவன் வந்த அண்டைக்கே. சுஜீதன் சிரிச்சான். 'அருந்தவன், உனக்கு எரியுது மச்சான்' எண்டான். அதோட விட்டிட்டன்."

"பாரம் கூடினா என்னப்பா நடக்கும்?"

"பிரேக் பிடிச்சாலும் நினைச்ச இடத்தில நிக்காது. பெரிய லொறி பக்கத்தால போகேக்க கரவன் ஆடும். கரவன் ஆடினா காரும் ஆடும்."

அந்தக் காரின் பின் இருக்கையில் அக்ஷரா இருப்பாள். பக்கத்தில் தனோஜன், எண்பது வீடுகளுக்குக் கேட்கும் குரலோடு.

"திரும்பப் போய்ச் சொல்லுவம் அப்பா."

"சொல்லத்தான் வேணும். ஆனா நான் சொன்னாலும் நீ சொன்னாலும், 'இவைக்குப் பொறாமை' எண்டுதானே சொல்லுவினம்?"

லக்சிகா பாண் பெட்டியின் படியில் உட்கார்ந்து யோசித்தாள். நாங்கள் சொன்னால் நம்ப மாட்டார்கள். சரி. வேறு யார் சொன்னால் நம்புவார்கள்? யாருக்குப் பொறாமையே வராது?

சட்டென்று எழுந்தாள். வேலியருகே போனாள்.

"தனோஜன்! உங்கட கரவன் எவ்வளவு பாரம்?"

"உங்கடைய விடக் கூட!"

"எவ்வளவு கூட?"

தனோஜன் வாயைத் திறந்தான். மூடினான். "கனக்க!"

"கனக்க எண்டா? குப்பை குடுக்கிற இடத்தில லொறி நிறுக்கிற தராசு இருக்கு. நிறுத்துப் பாப்பமோ? ரெண்டையும்?"

"அப்பா!" தனோஜனின் குரல் தெருமுனை வரை போனது. "போட்டி! பாண் பெட்டியோட போட்டி!"

சுஜீதன் அங்கிள் வாசலுக்கு வந்தார். போட்டி என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "பாண் பெட்டியோடயோ? பாவம் அருந்தவன். சரி வா, வா!"

இரண்டு தெரு தள்ளித்தான் அந்த இடம். அப்பா முன்னால் மெதுவாக, மிக மெதுவாகப் போனார். பின்னால் வந்த அங்கிள் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார்.

காரைக் கழற்றிவிட்டு, முதலில் பாண் பெட்டியை மட்டும் தராசின் இரும்புத் தட்டில் விட்டார்கள். பலகையில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. ஆயிரத்து நூற்று எண்பது.

"அவ்வளவுதானோ!" தனோஜன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அடுத்து பெரியது. எண்கள் ஏறின. ஏறிக்கொண்டே போயின. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து.

"வீ வின்! வீ வின்!" தனோஜன் துள்ளினான். சுஜீதன் அங்கிள் இரண்டு கையையும் தூக்கினார். "பாத்தியே மச்சான்? இதுதான் கரவன்!"

அக்ஷரா மட்டும் துள்ளவில்லை. அந்தச் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, எங்கட கார் எவ்வளவு இழுக்கும்?"

"இரண்டாயிரம் கிலோ!" என்றார் அங்கிள் பெருமையாக.

சொன்னது அவர் காதிலும் விழுந்தது. தூக்கிய கைகள் மெதுவாக இறங்கின. பலகையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். திரும்பவும் பலகையைப் பார்த்தார்.

"அப்ப நாங்கள் வெல்லேல்லையோ?" என்று கேட்டான் தனோஜன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கிள் அப்பாவின் தோளில் கையை வைத்தார். "கட்டிலை எண்ணிப் பாத்து வாங்கினனான் மச்சான். பாரத்தை எண்ணேல்லை. நீ சொல்லேக்க கேட்டிருக்க வேணும்."

"இப்ப கேட்டிட்டாய்தானே. இறக்கு, இறக்கு."

தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள். தனோஜன் காலை முழுக்க நிரப்பிய தண்ணீர் அங்கிருந்த மரங்களுக்குப் போனது. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஐந்து மூட்டை அரிசி பாண் பெட்டிக்குள் ஏறியது. "இதுக்கு மேல ஏத்தினா எங்கட சின்னக் கரவன்ர ரயர் தாங்காது," என்றார் அப்பா.

"மிச்ச அஞ்சு மூட்டை?" நிரூபா அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. "நேர்த்தி எல்லே?"

"அன்ரி," என்றாள் லக்சிகா, "சிட்னியில அரிசி விக்கிறேல்லையோ? எந்தக் கடையில வாங்கினது எண்டு முருகன் கேக்கவே போறார்?"

அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மிச்ச மூட்டைகளைக் காரில் வைத்து வீட்டில் இறக்குவதென்று முடிவானது. பெரிய கரவனைத் திரும்பவும் நிறுத்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. கொளுவியதும் காரின் மூக்கு ஒழுங்காக இறங்கியது. குந்தியிருந்த நாய் எழுந்து நின்ற மாதிரி.

"எல்லாம் இந்தப் பிள்ளையாலதான்," என்றார் அன்ரி. "எங்களில எவ்வளவு அக்கறை!"

லக்சிகாவுக்குக் காது சூடானது. அந்த ஒரு நொடிக் குதூகலம் நினைவுக்கு வந்தது.

வீட்டு வாசலில் அக்ஷரா அவள் கையைப் பிடித்தாள். "நான் உனக்குப் பொறாமை எண்டு சொல்லிட்டன். மன்னிச்சுக்கொள் லக்சி. நாளைக்கு வழியில நிக்கேக்க மேல் கட்டில் உனக்கு. நீதான் படுக்க வேணும்."

சும்மா தலையாட்டியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. லக்சிகா இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினாள். மூன்றாம் தரம் அது வெளியே வந்துவிட்டது.

"நீ சொன்னது சரி அக்ஷரா. எனக்குச் சரியான பொறாமை. அந்த மேல் கட்டிலிலதான் ஆகக் கூடின பொறாமை."