டிரைவர் ஐயாவுக்கு ஒரு ஹாரன்

"கேட்டை யாரு திறந்து போட்டது?"

நாத்தனாரின் குரல் குளியலறைக் கதவு வரை வந்து இடித்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மருமகள் ஓடி வந்தபோது, முன்னறை நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் வைத்த காபி ஏடு படிந்து ஆறியிருந்தது. வாசல் கேட் அகலத் திறந்து கிடந்தது.

மாமனாரைக் காணோம்!

"மாமா... மாமா!"

"கத்தினா வந்துடுவாரா? தினமும் தெருத்தெருவா கூட்டிட்டுப் போய்ப் பழக்கினது யாரு? இப்பத் தானாவே கிளம்பிட்டாரு. போதுமா? மனசு குளுந்துச்சா?"

"அக்கா, நான் பூட்டிட்டுத்தான் குளிக்கப் போனேன்... சாவியை ஆணியில மாட்டிட்டுத்தான்..."

"அப்ப காத்து வந்து பூட்டைத் திறந்துச்சா?"

அவள் கணவனைப் பார்த்தாள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, ரேசர் பிடித்த கையோடு அவன் நின்றுகொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை தனக்காகச் சொல்வான் என்று எதிர்பார்த்தாள்.

சொன்னான்.

"உனக்கு வீட்டுல வேற என்ன வேலை? அப்பாவைப் பார்த்துக்கறது ஒண்ணுதானே... அதுகூட முடியலையா உன்னால?"

சுருக்கென்று தைத்தது. மழலையர் பள்ளியில் அவளைச் சுற்றிச் சுற்றி வந்த குழந்தைகளை விட்டுவிட்டு, இந்த ஒரு வேலைக்காகத்தானே அவள் வீட்டோடு நின்றாள்? 'கொஞ்ச நாளைக்குத்தான், அப்பாவுக்குச் சரியாயிடும்' என்று அன்றைக்குக் கெஞ்சியதும் இதே வாய்தான். அந்தக் கொஞ்ச நாள் வருடங்களாகிவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

மாமனார் ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு நினைவு கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. முதலில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர், பிறகு மகன் பெயர், கடைசியில் மனைவி இறந்துபோனது. ஆனால் வேலைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் மறக்கவே இல்லை. விடிந்ததும் சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டு, "வண்டி எடுக்கணும், நேரமாச்சு" என்று வாசலில் நிற்பார்.

அறையில் வைத்துப் பூட்டிப் பார்த்தார்கள். உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கதவைத் தட்டினார். பெற்ற மகனும் மகளும் காதைப் பொத்திக்கொண்டார்கள். வந்த மருமகளால் முடியவில்லை. கதவைத் திறந்து, "வாங்க மாமா, டிப்போ வரைக்கும் போய் வண்டி ரெடியான்னு பார்த்துட்டு வரலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. டிப்போ வாசலில் இருவரும் நிற்பார்கள். வெளியே வரும் ஒவ்வொரு பேருந்துக்கும் மாமனார் கையை உயர்த்துவார், அதை அனுப்பி வைப்பதே தான்தான் என்பதுபோல. "நம்ம வண்டி எங்கே?" என்று கேட்டால், "பிரேக் வேலை நடக்குதாம் மாமா, நாளைக்குத்தான் கொடுப்பாங்களாம்" என்பாள். "சரி, பிரேக்கு விஷயத்துல அவசரப்படக்கூடாது" என்று திரும்பிவிடுவார். அப்படிப் போய் வந்தால்தான் சாப்பாடு இறங்கும், தூக்கம் வரும்.

நாத்தனாருக்கு அது ஆகவே ஆகாது. கணவனை இழந்து அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள் அவள். அவளுக்கு மிச்சமிருந்த பெருமையெல்லாம் அப்பா ஒருவர்தான். "எங்கப்பா எப்படி நிமிர்ந்து நடந்த மனுஷன்! அவரை ஊரே வேடிக்கை பார்க்கணுமா?" என்று தினமும் ஒரு பாட்டம் அழுவாள். அதிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதால் மருமகள் எதிர்த்துப் பேசியதில்லை.

தெருமுனையில் தையல்காரர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மாமாவைப் பார்த்தீங்களா?"

"நீ இல்லாமலா? தனியாவா போயிட்டாரு?" அவர் சட்டென்று எழுந்தார். ஊசிக்கடியில் பாதி தைத்த துணி அப்படியே கிடக்க, ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். "நான் மார்க்கெட் பக்கம் பார்க்கறேன். நீ டிப்போ பக்கம் போம்மா. பயப்படாதே, எங்கே போயிடப் போறாரு நம்ம டிரைவர் ஐயா!"

நம்ம டிரைவர் ஐயா... அந்த 'நம்ம' அவள் காதில் விழுந்தும் மனதில் நிற்கவில்லை. ஓடினாள்.

பழக்கடைக்காரி வழிமறித்தாள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் அவள் பார்த்தது இவள் கால்களைத்தான். "அய்யோ, வெறுங்காலோடவா ஓடி வர்றே?" என்று தன் செருப்பைக் கழற்றி முன்னால் தள்ளினாள்.

"வேண்டாங்கா... உங்களுக்கு?"

"நான் சாக்குல உக்காந்திருக்கறவ, எனக்கெதுக்குச் செருப்பு? போடு, போடு. நீ நொண்டிக்கிட்டு நின்னா அவரை யாரு தேடறது?"

ஒரு சுற்றுப் பெரிதாக இருந்த அந்தச் செருப்பு, டிப்போ வரைக்கும் டப் டப் என்று அடித்துக்கொண்டே வந்தது. டிப்போ வாசலில் அவர் இல்லை. சந்தையில் இல்லை. பூங்காவில் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறியதும், அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒருவேளை வீட்டுக்கே திரும்பியிருப்பாரோ என்ற நப்பாசையில் திரும்பி நடந்தாள்.

நாத்தனார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. போலீஸில் சொல்லிவிட்டு வந்த கணவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"வெறுங்கையோடவா வந்தே?" நாத்தனாரின் குரல் உடைந்தது. "எங்கப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

அந்த வாக்கியம் முடியவில்லை. தெருமுனையில் பேச்சுச் சத்தம் கேட்டது.

முன்னால் தையல்காரர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே பழக்கடைக்காரி, வெறுங்காலோடு. நடுவில், சீருடை அணிந்த இளம் டிரைவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி மலர்ந்த முகத்தோடு மாமனார்!

"மருமகளே!" என்றார் அவர். "பிரேக் நல்லாப் பிடிக்குது. வண்டி ரெடி!"

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பயந்துட்டீங்களாம்மா?" என்றார் இளம் டிரைவர். "பெரியவர் பாலத்து ஸ்டாப்புல ஏறிட்டாரு. கண்ணாடியில பார்த்ததுமே அடையாளம் தெரிஞ்சுது. கூட நீங்க இல்லைன்னதும் எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. வழியில இறக்கி விட்டா வேற எங்கேயாவது போயிடுவாரேன்னு என் கண்ணு முன்னாலேயே வச்சுக்கிட்டேன். எனக்குப் பின் சீட்டுல ஒரு நிறைமாசக்காரி. நான் சொன்னதைக் கேட்டுட்டு அந்தப் பொண்ணே எழுந்து இவருக்கு இடம் கொடுத்துச்சு. அதைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணுக்கு நாலு பேர் எழுந்துட்டாங்க! ஒரு அம்மா தண்ணி கொடுத்தாங்க. டிரிப் முழுக்க, 'கிளட்சை மிதி, வளைவுல அடக்கிப் போ'ன்னு எனக்குப் பாடம்தான். ஷிப்ட் முடிஞ்சதும் டிப்போவுல உங்க தெருவைக் கேட்டுக்கிட்டு, கையோட கூட்டிட்டு வந்துட்டேன். தெருமுனையில இவங்க வழி காட்டினாங்க."

"உங்களுக்கு எப்படித் தம்பி இவரைத் தெரியும்?" என்று கேட்டான் கணவன்.

"டிப்போவுல இவரைத் தெரியாதவங்க யாரு சார்? தினமும் வாசல்ல நின்னு எங்களை வழியனுப்பறவராச்சே. அவர் கை தூக்கினா ஒரு ஹாரன் அடிச்சுட்டுத்தான் போகணும்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கும் சொல்லிடுவோம். ஹாரன் கேட்டா அவர் முகத்தைப் பார்க்கணுமே..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலைத் தாண்டும் பேருந்து ஹாரன் அடிக்கத்தானே செய்யும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதில் ஒவ்வொன்றும் அவள் மாமனாருக்கென்றே அடித்ததா? முகம் தெரியாத இத்தனை பேர், கேட்காமலே, ஒரு பலனும் பார்க்காமலே...

"இந்த அம்மா மட்டும் இவரைத் தினமும் கூட்டிட்டு வரலைன்னா, இன்னிக்கு எனக்கு இவர் யாரோ ஒரு பயணி, அவ்வளவுதான் சார். எந்த ஸ்டாப்புல இறங்கியிருப்பாரோ, எப்படிப் போயிருப்பாரோ..." என்று முடித்தார் டிரைவர்.

நாத்தனாரின் தோள்கள் குலுங்கின.

"நான்தான்..." என்றாள் திடீரென்று. "குப்பை வாளியை வெளியில வைக்கக் கேட்டைத் திறந்தேன். போன் அடிச்சுதுன்னு உள்ளே ஓடினேன். பூட்டலை. நீ தெருவுல இறங்கி ஓடின பிறகு வெளியில வாளியைப் பார்த்ததும்தான் உறைச்சுது. அப்பவும், நீ திரும்பி வந்தப்பவும்... உன்மேலயே பழியைப் போட்டேனே! அப்பாவை ஊர் வேடிக்கை பார்க்குதுன்னு நினைச்சேன். ஊரே பார்த்துக்குதுன்னு தெரியாமப் போச்சே எனக்கு!"

கணவன் தலை கவிழ்ந்தது. "வாய் தவறிடுச்சு..." என்று அவன் முணுமுணுத்தபோது, "வாய் தவறலை, மனசுல இருந்ததுதான் வந்துச்சு" என்று அக்காவே அதட்டினாள். "முதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேளு. நானும் கேட்கறேன்."

"விடுங்கக்கா... மாமா வந்துட்டாரு, அது போதும்" என்றாள் மருமகள். எழுந்து போய், கழற்றிய செருப்பைப் பழக்கடைக்காரியின் காலருகே வைத்தாள். நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குப் பதில் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அட, செருப்புக்குப் போய் இவ்வளவா!" என்று பழக்கடைக்காரி அவள் கன்னத்தைத் தட்டினாள். தையல்காரர், "துணி மெஷின்லயே கிடக்கு, தைக்கக் கொடுத்த அம்மா வந்து என்னைத் தைச்சுடும்" என்று ஸ்கூட்டரில் ஏறினார். இளம் டிரைவர் மாமனாருக்குக் கை காட்டிவிட்டு நடந்தார். செய்தது பெரிய காரியம் என்ற நினைப்பு ஒருவரிடமும் இல்லை.

உள்ளே போய் மாமனாரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அவள் திரும்பினாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு இருந்தது. சூடான சோறு. பக்கத்தில் தண்ணீர். நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூட உன் பல்லுல படலை. உக்காரு."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவள் அவள். தயங்கினாள். நாத்தனார் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

காலையில் ஏச்சு வாங்கியபோது அழாதவள், தெருவெல்லாம் தேடி அலைந்தபோது அழாதவள், முதல் கவளத்தைக் கையில் எடுத்ததும் உடைந்து அழுதாள்.

"அழாதேடி... சோறு உப்புக் கரிக்கும்" என்றாள் நாத்தனார், முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு. துடைத்த கையை எடுக்காமல், அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.