உச்சி வேளையில் ஓர் அம்புக்குறி

கம்ப்யூட்டர் அலறியது!

ஆம்புலன்ஸ் வீட்டுக்குள் புகுந்த மாதிரி ஓர் அலறல்.

சேரன்மகாதேவியில் உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லை. சோற்றுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள் கலைச்செல்வி.

திரை முழுக்கச் சிவப்பு.

'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! அணைத்தால் எல்லா ஃபைல்களும் அழிந்துவிடும்! உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்!'

எல்லா ஃபைல்களும்...?

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஃபைல்.

அவள் கணவன் சுடலைராஜ் கல்யாண வீடியோ எடுப்பவன். வருஷத்துக்கு ஒருமுறை, சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடுபவன். போன கொடையில் கேமராவைத் தானே ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஆடினான். அப்புறம் ஒருநாள் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

அவன் உயிரோடு அசைகிற படம் அது ஒன்றுதான்.

தினமும் உச்சி வேளையில் அதைப் போட்டுப் பார்ப்பாள். காப்பி எடுக்க அவளுக்குத் தெரியாது. பிறரிடம் கொடுக்கவும் பயம். கை தவறி அழித்துவிட்டால்...?

எண்ணை அழுத்தினாள்.

தேன் தடவிய குரல். பெயர் டேவிட்டாம். பெரிய கம்பெனியின் உதவிப் பிரிவாம். ஏதோ ஒரு புரோகிராமை இறக்கச் சொன்னான். திரையில் வந்த எண்ணைப் படிக்கச் சொன்னான். படித்தாள்.

அம்புக்குறி நகர்ந்தது.

மவுஸை அவள் தொடவே இல்லை!

எதிரே சுடலைராஜின் காலி நாற்காலி. அவன் போன பிறகு யாரும் அதில் உட்காருவதில்லை. அவள் உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஏங்க... நீங்களா?" என்றாள், நாற்காலியைப் பார்த்து.

"நான்தான் மேடம்," என்றது போன்.

வங்கி விவரம் கேட்டான். தனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது என்றாள். தேன் வற்றியது. மிரட்டல் தொடங்கியது. அம்புக்குறி ஒவ்வொரு ஃபோல்டராகத் துழாவி, ஓரிடத்தில் நின்றது.

'அவிய' என்று, கணவனைச் சொல்லும் சொல்லையே அவள் பெயராக வைத்த ஃபோல்டர்.

"அதத் தொடாதிய. என் வீட்டுக்காரரு அதுலதான் இருக்காவ."

பாவம்... எங்கே வெட்ட வேண்டும் என்று அவளே காட்டிக்கொடுத்துவிட்டாள்.

"அப்படியா? பார்த்துட்டே அழிச்சிடலாம்."

படம் திறந்தது. தீப்பந்த வெளிச்சம். திருநீறு பூசி, மாடனின் ஈட்டியான வல்லயக் கம்பைத் தூக்கிக் குதித்தாடும் சுடலைராஜ். அவன் எதிரே ஓர் இளைஞன், எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்கிறான்.

அம்புக்குறி 'அழி' என்பதன்மேல் போய் நின்றது.

கலைச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு சத்தமும் இல்லை.

பிறகு போனில் மூச்சிரைப்பு. தேனும் இல்லை, டேவிட்டும் இல்லை. அசல் திருநெல்வேலிக் குரல்!

"அண்ணாச்சி... தெரியாம செஞ்சிட்டேன். வந்திருதேன். வந்து கால்ல விழுந்திருதேன்."

லைன் அறுந்தது. படம் பிழைத்தது.

அவள் புகாரை வாங்கிய சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர் சபீதா படத்தைப் பார்த்து, கற்பூரக்காரன் யார் என்று கேட்டார். கலைச்செல்வி சொன்னாள். பெயர் முத்துமாலை. அதே ஊர்தான். செல்போன் திருடி மாட்டியவன். இனி களவு, பொய் கிடையாது என்று மாடன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு, வடக்கே கம்பெனி வேலைக்குப் போனவன். கம்பெனியின் லட்சணம் இப்போதுதான் தெரிந்தது!

ஏட்டு மெர்வின் போன் எண்ணைத் துரத்திப் பார்த்தார். அது ஏதோ வெளிநாட்டில் போய் முட்டி நின்றது. தனிப்படை அனுப்பலாமா என்று சபீதா யோசித்தபோது கலைச்செல்வி தடுத்தாள்.

"அலைய வேண்டாம்மா. கற்பூரம் அணைச்சவன் எங்கன போனாலும் இங்கனதான் வந்தாவணும். வெள்ளிக்கிழமை உச்சிக்கு வருவான் பாருங்க."

வந்தான்!

கையில் சேவல், ஒரு கட்டுச் சுருட்டு. கோயில் ஆலமரத்துக்குப் பின்னாலிருந்து வந்த மெர்வின் தோளில் கை வைத்தபோது, அவன் ஓடவில்லை. படையலை வைத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினான். சபீதா அனுமதித்தார்.

ஸ்டேஷனில் விசாரணை. திரையில் உன்னையே பார்த்ததும் பயந்துவிட்டாயாக்கும் என்றார் சபீதா.

முத்துமாலை தலையைக் குறுக்கே ஆட்டினான்.

"இல்ல மேடம். என்னையப் பாத்ததும் சீக்கிரமா அழிச்சிருவோம்னுதான் போனேன். அண்ணாச்சி படத்துக்குள்ள இருந்தபடியே என்னையத் திரும்பிப் பாத்தாவ. 'ஏலே முத்துமாலை, கைய எடுலே'ன்னாவ. காது கிழிஞ்சிட்டு."

மெர்வின் வீடியோவைப் போட்டார். ஒலியைக் கூட்டினார். முழுக்கக் கூட்டினார்.

மேளக்காரர்கள் அடிக்கிறார்கள்... சத்தமில்லை.

சுடலைராஜின் வாய் திறந்து மூடுகிறது... சத்தமில்லை.

"அதுல சத்தமே கிடையாதும்மா," என்றாள் கலைச்செல்வி. "ஆடுத அவசரத்துல மைக்கைப் போட மறந்துட்டாவ."

முத்துமாலையின் முகத்தில் ரத்தமே இல்லை. மெர்வின் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார்.

கலைச்செல்வி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"தெனமும் உச்சிக்கு உங்க முன்னாலதான நிக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலியே. இந்தக் களவாணிப் பயகிட்டப் பேசியிருக்கியளே..."

சபீதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் வேலையாக அந்தப் படத்தை இரண்டு பென்டிரைவில் காப்பி எடுத்து அவளிடம் கொடுக்கச் சொன்னார்.

மெர்வின் பேனாவைத் திறந்தார். குற்றத்தை நேரில் தடுத்த சாட்சி என்று யார் பெயரை எழுதுவது என்று மெல்லக் கேட்டார்.

"சுடலைராஜ்னே எழுதும்," என்றார் சபீதா. "ஆனா, சம்மனை நீருதான் நேர்ல போய்க் குடுத்துட்டு வரணும்."