வாளிப் படமும் சிவப்பு விளக்கும்

சீரிஸ் குறுங்கோளின் சுரங்கக் குடியிருப்பில் காலையில் முதல் வேலையாகக் காற்றைச் சோதிப்பார்கள். பிறகு தண்ணீரை. அதற்குப் பிறகு சுவரில் தொங்கும் படங்களை. மூடிய இடத்தில் வாழ்பவர்களுக்கு இந்த மூன்றில் எது கெட்டாலும் ஆபத்து என்பது அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

படங்களைச் சோதிக்கும் கருவிக்குக் கருத்துமானி என்று பெயர். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து நீளும் வளைகிற தண்டு, தண்டின் நுனியில் மொச்சைக்கொட்டை போல ஒரு கண். அது இரண்டு விஷயங்களைச் சொல்லும். ஒன்று, காட்சிப்பொருள், அதாவது படத்தில் என்ன இருக்கிறது. குதிரை, குடை, கிழவர் என்று அது சொல்லிவிடும். மற்றொன்று, உட்கருத்து, அந்தக் குதிரையை வைத்துக்கொண்டு படம் நம்மிடம் என்ன சொல்கிறது. ஒரே குதிரை ஒரு படத்தில் திமிராக நிற்கும், இன்னொரு படத்தில் களைத்து நிற்கும். பொருள் ஒன்றுதான், கருத்து வேறு. முதலாவதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. இரண்டாவதைப் பற்றித்தான் ஒரு காலத்தில் அடிதடியாகி, காற்றுக் குழாயே ஒன்று உடைந்துபோனது. கருத்துமானி வந்தது அதன் பிறகுதான். மிரட்டல், ஏளனம், குற்றச்சாட்டு என்று ஏதாவது தென்பட்டால் சிவப்பு விளக்கு எரியும்; மற்றதற்கெல்லாம் பச்சை.

அந்தக் கருவிகளைப் பராமரிக்கும் சகாயராஜுக்கு ஒரு சின்னச் சிக்கல். சின்னதுதான், ஆனால் அவிழவில்லை.

தண்ணீர் வடிகட்டும் பிரிவில் வேலை பார்க்கும் பூங்காவனம் ஒரு வாளியை வரைந்திருந்தாள். நிர்வாகக் குழு அதை இரண்டு பிரதி எடுத்து, வடக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றும் தெற்குக் கூடத்தில் ஒன்றுமாக மாட்டியது. வடக்கில் கருத்துமானி சொன்னது: ‘வாளி. உட்கருத்து: நன்றி.’ பச்சை. தெற்கில் சொன்னது: ‘வாளி. உட்கருத்து: குற்றச்சாட்டு.’ சிவப்பு.

சிவப்பு எரிந்த அன்றே சாப்பாட்டு நேரத்தில் பூங்காவனத்தின் மேசையில் உட்கார ஆளில்லை. அவள் மூன்றாம் சுரங்கத்துக்காரி. போன வருடம் தண்ணீர்ப் பங்கீடு சரியில்லை என்று வேலையை நிறுத்தியவர்கள் அந்தச் சுரங்கத்துக்காரர்கள். இப்போது படத்தில் எல்லோருக்கும் ஏதேதோ தெரிய ஆரம்பித்தது. வாளியின் நிழல் மடக்கிய முஷ்டி மாதிரி இருப்பதாக ஒருவர் சொன்னார். கைப்பிடி சாய்ந்திருக்கும் திசையில்தான் தலைவர் மங்கையர்க்கரசி உட்காருவார் என்று இன்னொருவர் அளந்தே காட்டினார். குழு கூடும்போதும் சிவப்பு அணையாவிட்டால் பூங்காவனத்தைப் பனிக்குழிக்கு அனுப்பிவிடுவார்கள். பனி வெட்டப் போனவர்கள் திரும்பி வருவதுண்டு. விரல்கள் எல்லாம் அவர்களோடு திரும்பி வருவதில்லை. விரல் இல்லாமல் அவள் தூரிகை பிடிப்பது எப்படி?

சகாயராஜ் முறைப்படி ஆராய்ந்தார். பழுது பார்ப்பதில் ஒரே ஒரு ரகசியம்தான் உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கருவியின் கண்ணைத் துடைத்தார். சிவப்பு. வடக்குக் கருவியைத் தெற்கிலும் தெற்குக் கருவியை வடக்கிலும் வைத்தார். தெற்கில் மறுபடியும் சிவப்பு. அப்படியானால் கருவியில் பழுதில்லை. படங்களைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். தெற்கில் அப்போதும் சிவப்பு. அப்படியானால் படத்திலும் வித்தியாசமில்லை. மீதி இருப்பது கூடம். கூடத்தின் வெளிச்சத்தை அளந்தார், வாசனையைக்கூட முகர்ந்தார். இரண்டிலும் அதே அவரைக் குழம்புதான்.

கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்தது. எதையோ உள்ளே மறைத்துத்தான் வரைந்திருக்கிறாளோ? தெற்குக் கூடத்துக்கு அவளை வரவழைத்தார்.

“மறைக்காம சொல்லும்மா. இதுல என்ன வச்சிருக்க?”

“வாளி.”

“அது தெரியுது. அதுக்குள்ள?”

“தண்ணி. அண்ணே, நீங்க படத்தப் பாத்தீங்களா?”

“ரெண்டு நாளா அதத்தான கழட்டி மாட்டிக்கிட்டிருக்கேன்.”

“கழட்டினீங்க. பாத்தீங்களா?”

அவள் போன பிறகு, பார்த்தால்தான் என்ன என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சீரிஸில் ஈர்ப்பு மிகக் குறைவு. பூமியில் வாளி நிரம்பினால் வழிந்துவிடும். இங்கே விளிம்புக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் குவிந்து நிற்கும். அப்படி நின்ற தண்ணீரைத்தான் அவள் வரைந்திருந்தாள். பட்டால் உடையும், ஆனால் உடையவில்லை. அந்த மேட்டின் மேல் கூடத்தின் விளக்குகள் எல்லாம் சிறிதாக மிதந்தன. வாளியை யாரோ ஆடாமல் தூக்கி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கி வைத்திருக்க வேண்டும். அதைப் பார்க்கையில் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதன் உட்கருத்து என்ன என்று கேட்டால் அவரால் ஒரு சொல்லில் சொல்ல முடியாது. குற்றச்சாட்டு இல்லை, அது மட்டும் நிச்சயம்.

மூச்சை விட்டபோது அவர் கண் தானாகக் கீழே போயிற்று. சுவரில் அறைந்திருந்த பெயர்ப்பலகைக்கு. ‘பூங்காவனம், மூன்றாம் சுரங்கம்.’ அதே நேரத்தில் அடுத்த சோதனைக்காக விழித்துக்கொண்ட கருத்துமானி தண்டை நீட்டியது. அதன் கண் படத்துக்குப் போகவில்லை. நேராகப் பலகைக்குப் போய் அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு படத்தின் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டுச் சிவப்பை எரித்தது.

சகாயராஜ் தோள் துண்டை எடுத்துப் பலகையை மூடினார். கருவி, ‘வாளி’ என்று சொல்லிவிட்டு உட்கருத்தைச் சொல்லாமல் காத்து நின்றது. படம் முழுக்க அதன் கண்ணெதிரில்தான் இருந்தது. வடக்குக் கூடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஓடிப்போய்ப் பார்த்தார். சட்டத்துக்கும் ஆணிக்கும் ஆன செலவைத் தலைவர் ஏற்றிருந்தார். அதனால் அங்கே குடியிருப்பின் வழக்கப்படி, ‘உபயம்: மங்கையர்க்கரசி’ என்று மட்டும் இருந்தது.

கருவியைத் தயாரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. உட்கருத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பூமியின் ஓவியக் கூடங்களில் மனிதர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று லட்சக்கணக்கானவர்களின் கண்ணசைவைக் காட்டி, இப்படிச் செய் என்று விட்டுவிட்டார்கள். அது அப்படியே செய்தது. முதலில் பெயர், அப்புறம் ஊர், நேரம் மிஞ்சினால் படம்.

தலைவரிடம் போய்ப் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். மங்கையர்க்கரசி நியாயமானவர், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

“கருவி தப்பா சொல்லுதுன்னு எப்படிச் சொல்றீங்க தம்பி? எனக்கும் அப்படித்தான தோணுச்சு.”

“படத்தப் பாத்தாம்மா தோணுச்சு?”

“பேரப் பாத்தவுடனேயே தோணிருச்சே.”

அதற்கு மேல் சகாயராஜ் விளக்கவில்லை. தெற்குக் கூடத்துக்குத் திரும்பி, பலகையைப் பெயர்த்துவிட்டு வேறு பலகை அறைந்தார். குழு வந்து கூடியபோது பச்சை எரிந்துகொண்டிருந்தது. முஷ்டியைக் கண்டவர் இப்போது அதைக் கூப்பிய கை என்றார். கைப்பிடி தலைவரை வணங்கிச் சாய்ந்திருப்பதாக மற்றவரும் ஒப்புக்கொண்டார். பூங்காவனத்தின் மேசையில் மறுபடி ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அவள் அடுத்த படத்தை உடனே ஆரம்பித்தாள். தலைவரின் குளியலறைத் தொட்டி நிரம்பி வழிகிறது; கதவுக்கு வெளியே மூன்றாம் சுரங்கத்து ஜனங்கள் காலி வாளிகளோடு, உதடு வெடித்து நிற்கிறார்கள். எதையும் அவள் மறைக்கவில்லை. தலைவரே வந்து திறந்து வைத்தார். பலகையைப் படித்தார், சிரித்தார், கைதட்டினார். கருத்துமானியும் படித்தது: ‘மக்கள், வாளிகள், தொட்டி. உட்கருத்து: நன்றி.’

வேறு சுரங்கங்களில் கருவி பார்ப்பவர்கள் வழி கேட்டு வந்தார்கள். சகாயராஜ் எல்லோருக்கும் ஒன்றையே சொன்னார்.

“கண்ணத் தொடைக்க வேணாம், கருவிய மாத்த வேணாம், படத்துல கையே வைக்காதீங்க. கீழ ‘உபயம்: மங்கையர்க்கரசி’ன்னு எழுதுங்க. பச்சை எரியும்.”