கை தவறிப் பட்டதல்ல

“எந்தப் புண்ணியவான் இதைச் செஞ்சானோ... அவன் கை விளங்காம போக!”

குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

மழை. பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே இரண்டே பேர். அவள், பிறகு சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவன். அவன் திட்டியது கையிலிருந்த போனை.

அந்தத் திரையை அவள் எட்டிப் பார்த்திருக்க வேண்டாம். பார்த்துவிட்டாள். காது சூடானது.

சிவப்புப் பின்னணி. பளபளக்கும் ஸ்பேனர் செட். மூலையில், மூடுவதற்கென்று கடுகளவு ஒரு பெருக்கல் குறி. மூடப் போகிற விரல் அந்தக் குறியில் படாது. விளம்பரத்தின் மேல்தான் விழும். அப்படி விழ வேண்டும் என்றுதான் அவள் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள்.

இணைய விளம்பரம் செய்வது அவள் வேலை. பொத்தான்களை அவளைப்போல வரைய ஆளில்லை என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் ‘பட்டன்’ என்றே பெயர். அங்கே அதிகம் க்ளிக் வாங்கியது இந்தச் சிவப்பு விளம்பரம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஸ்பேனர் கம்பெனி நம்மிடமே தொடர்ந்தால் நிரந்தரம் என்று மேடம் சொல்லியிருந்தார்.

“புண்ணியவான் இல்ல,” என்றாள். “புண்ணியவதி.”

“என்னங்க?”

“அதைச் செஞ்சது நான்தான். கை நல்லாத்தான் விளங்குது.”

அவன் நிமிர்ந்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். பெய்கிற மழை முழுவதும் அவற்றில் தெரிந்தது. கோபப்பட வேண்டிய கண்கள்... சிரித்துக்கொண்டிருந்தன.

அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

“எனக்கு ஸ்பேனரே வேணாங்க. மூடத்தான் போனேன்.”

“ஆனா அழுத்தினீங்கல்ல?”

“கை தவறிப் பட்டுச்சு.”

“பட்டுச்சுல்ல? எங்க கணக்குல அது ஒரு க்ளிக்.”

“அப்படியா! வாசல்ல எண்ணெயைக் கொட்டி வச்சுட்டு, வழுக்கி விழுந்தவனையெல்லாம் விருந்தாளின்னு எண்ணுவீங்களா?”

கோபத்தைக் குடையின் மேல் காட்டினாள். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கம்பி கழன்று தொங்கியது.

“கொடுங்க.”

“வேணாம்.”

“குடைக்கும் எனக்கும் சண்டை ஒண்ணும் இல்லீங்க. கொடுங்க.”

கொடுத்தாள். அவன் விரித்துப் பார்த்தான். மடக்கிப் பார்த்தான். பிறகு தயங்கி, “அந்தத் தலை க்ளிப் கிடைக்குமா?” என்றான்.

க்ளிப்பை எடுத்ததும் முடி சரிந்து முகத்தில் விழுந்தது. ஒரு கணம் அவன் குடையை மறந்தான். அவள் பார்த்துவிட்டாள். அவன் பார்க்காததுபோலக் குனிந்துகொண்டான்.

வளைத்தான், செருகினான், முறுக்கினான். குடை விரிந்தது.

“க்ளிப்பை மட்டும் திருப்பிக் கேக்காதீங்க. எடுத்தா குடை போயிடும்.”

அவன் பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டான். நன்றி சொல்லவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது... ஏன் சொல்ல வேண்டும்? கை விளங்காமல் போக என்றவனுக்கு?

மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் அவள் முதலில் செய்தது சிவப்பு விளம்பரத்தின் எண்களைத் திறந்ததுதான். இதுவரை க்ளிக்குகளை மட்டுமே பார்த்திருக்கிறாள். உள்ளே போனவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். முக்கால்வாசிப் பேர் கண் சிமிட்டும் நேரத்துக்குள் திரும்பி ஓடியிருந்தார்கள்.

வழுக்கி விழுந்தவர்கள்.

“பட்டன், உள்ள வா,” என்று மேடம் கூப்பிட்டார்.

மேடத்தின் எதிரே சாம்பல் சட்டை உட்கார்ந்திருந்தது. இன்று நீலச் சட்டை. கண்கள் அதே கண்கள்.

“இவர்தான் அந்தப் பழுது பார்க்கிற வெப்சைட்டோட சொந்தக்காரர்.”

ஒழுகும் குழாய், சுற்றாத விசிறி, மூடாத கதவு. எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்யச் சொல்லித் தருகிற தளம். ஸ்பேனர் விளம்பரம் ஓடுவது அதில்தான். வாசகர்கள் புகார் சொல்ல, நேற்று அவன் தன் தளத்தையே போனில் திறந்து பார்த்திருக்கிறான்.

“உங்களுக்கு முன்னாடியே அறிமுகமா?” மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மழையில அறிமுகம்,” என்றான் அவன். “மேடம், விளம்பரத்தை எடுத்துடுங்க. என் வாசகருங்க என்னைத் திட்டுறாங்க.”

அவன் தளம் போனால் ஸ்பேனர் கம்பெனி போகும். கம்பெனி போனால் அவள் வேலை போகும். மேடம் இதை அவன் முன்னாலேயே சொன்னார்.

“ஒரு வாரம் கொடுங்க,” என்றாள். “வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் பழைய விளம்பரம் தெரியட்டும். மீதிப் பேருக்கு நான் புதுசா ஒண்ணு செய்யறேன். ஏமாத்தாம. புதுசு தோத்தா ரெண்டையும் எடுத்துடறேன்.”

“ஜெயிச்சா?”

“கை நல்லா விளங்குதுன்னு உங்க வாயால சொல்லணும்.”

அவன் சிரித்துவிட்டான். மேடம் சிரிக்கவில்லை.

புது விளம்பரத்தை எங்கே வைப்பது? அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது என்று தோன்றியது. அவன் வேலை செய்யும் அறைக்கே போனாள். மேசை நிறையக் குழாய்கள், பிரித்துப் போட்ட விசிறி, ஒரு வாளி. அவனுடைய அக்கா போனில் தம்பியின் தளத்தைப் பார்த்தபடி ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அக்காவின் கையை மட்டும் பார்த்தாள்.

அக்கா முதல் படியைப் படித்தாள். போனை வைத்தாள். தண்ணீரை நிறுத்தினாள். திரும்பி வந்து, ஈர விரலால் திரையைத் தள்ளினாள். மூன்றாம் படியில் நின்றாள். வெறும் கையை விரித்துச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“டேய், ஸ்பேனர் எங்கடா?”

முக்காலியில் இருந்தவளுக்குள் ஏதோ மணி அடித்தது.

இங்கேதான்! பக்கத்தின் உச்சியில் ஸ்பேனரைக் காட்டி என்ன பயன்? உள்ளே நுழைகிறவனுக்கு அது தொல்லை. மூன்றாம் படியில் கை வெறுமையாக நிற்கிறது. அந்த இடத்தில் அதே ஸ்பேனர், உதவி.

“ஏம்மா,” என்றாள் அக்கா. “இவ்வளவு நேரமா என் கையையே பாக்குற. என் தம்பி மூஞ்சியையும் கொஞ்சம் பாரேன். நீ வந்ததுலேர்ந்து அவன் உன்னையேதான் பாத்துட்டிருக்கான்.”

“அக்கா!”

“என்னடா அக்கா? உள்ளதைச் சொன்னேன்.”

அவள் குழாயைப் பார்த்தாள். அவன் வாளியைப் பார்த்தான்.

புது விளம்பரம் தயாரானது. வெள்ளைப் பின்னணி. கோட்டோவியமாக ஒரு விரித்த உள்ளங்கை. கீழே ஒரே வரி: ‘கையில் ஸ்பேனர் இல்லையா?’ மூலையில் விரல் நுனி அளவுக்குத் தாராளமாக ஒரு பெருக்கல் குறி.

மேடத்துக்குத் தலை சுற்றியது. “மூடறதுக்கு இவ்வளவு பெரிய வழியா? வந்தவங்களை வெளிய போன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“வெளிய போக வழி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் மேடம், நம்பி உள்ள வருவாங்க.”

வந்தார்கள். முதல் நாள் கொஞ்சம். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பிறகு எண்கள் ஏற ஆரம்பித்தன... அவளுக்கே நம்ப முடியவில்லை. எண்ணிக்கை கேட்க அவன் தினமும் சாயங்காலம் நேரில் வந்தான்.

“போன்லயே கேக்கலாமே?”

“கேக்கலாம்.”

மறுநாளும் நேரில்தான் வந்தான்.

கடைசி நாள் காலையில் இடி விழுந்தது. தளங்களில் விளம்பரங்களைப் போடும் நிறுவனம் அலுவலகத்தின் கணக்கை முடக்கிவிட்டது. ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார்கள், போலி க்ளிக் என்று கடிதம். சாயங்காலத்துக்குள் விளக்கம் வராவிட்டால் மொத்தமும் ரத்து.

மேடம் அவனையும் வரச் சொல்லியிருந்தார்.

“பட்டன், உண்மையைச் சொல்லு. நீ அழுத்தினியா?”

“இல்ல மேடம்.”

“பின்ன யாரு?”

அவள் அவனைப் பார்த்தாள். இவங்க அப்படிச் செய்யறவங்க இல்ல... அவன் இந்த ஒரு வரி சொன்னால் போதும் அவளுக்கு. அவன் முகம் வெளுத்திருந்தது. தரையைப் பார்த்தபடி எழுந்தான். ஒன்றும் சொல்லாமல் வெளியே போனான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கூடத்தில் அப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு போன்.

“தம்பி, உன் பங்கு ஆச்சா?”

“ஆச்சுண்ணே. நேத்து ராத்திரி ஒரு ரவுண்டு, விடியக்காலையில ஒரு ரவுண்டு. பசங்க போன்லயும் போட்டாச்சு.”

தோளிலிருந்து பை நழுவி விழுந்தது. “அப்பா... என்ன பண்றீங்க?”

அப்பாவுக்கு முகமெல்லாம் பெருமை. “உன் விளம்பரத்தைத்தாம்மா அழுத்தறோம். நீ ஜெயிக்கணும்ல? சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம சொல்லியாச்சு.”

“அதுக்குப் பேரு போலி க்ளிக்ப்பா!”

“போலியா? நான் உன்னைப் பெத்தவன்மா!” பிறகு குரல் தணிந்தது. “சும்மா அழுத்திட்டு வந்தா மரியாதையா இருக்காதேன்னு... ஒரு செட்டு வாங்கிக்கூடப் போட்டேன்.”

அப்பாவின் பார்வை சோபாவுக்குக் கீழே போனது. குனிந்து பார்த்தாள். ஸ்பேனர் செட்டுகள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

“இது ஒரு செட்டா?”

“ஒரு நாள் வாங்கிட்டு மறுநாள் வெறுங்கையோட வந்தா நல்லாவாம்மா இருக்கும்?”

அழ வேண்டும் என்றுதான் வந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதாள். விஷயம் புரிந்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

“வா. உங்க மேடம்கிட்ட நானே பேசறேன்.”

மேடத்தின் முன்னால் அப்பா போனை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். “குத்தமெல்லாம் என் விரல்மேலதாங்க. பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது.”

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கணினியைத் திருப்பினார். “உக்காருங்க. திரும்பத் திரும்ப அழுத்தின போன் ஒவ்வொண்ணா சொல்றேன். உங்க ஆளான்னு சொல்லுங்க. எல்லாத்தையும் கழிப்போம். மிச்சம் என்ன நிக்குதோ அதுதான் உங்க பொண்ணோட நிஜமான கணக்கு.”

அது என்ன போன், எந்த ஊரிலிருந்து, எந்த நேரத்தில்... மேடம் படித்துக்கொண்டே போனார். “இது சித்தப்பா.” “இது மச்சான். காலையில எந்திரிச்சதும் அழுத்துவான்.” “இது என் தங்கச்சி. கண்ணு சரியா தெரியாது, ரெண்டு தடவை அழுத்திடுவா.” அப்பா சொல்லச் சொல்ல எண்கள் சரிந்தன. அவள் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“இது? தினம் காலையில ஒரு தடவை. எதுவும் வாங்கல. சும்மா ரொம்ப நேரம் திறந்து வச்சிருக்கு.”

அப்பா யோசித்தார். தலையை ஆட்டினார். “இது நம்ம ஆள் இல்லையே...”

“அது நான்.”

வாசலில் அவன் நின்றிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவள் மெல்ல எழுந்தாள்.

“கை தவறிப் பட்டுச்சா?”

“இல்லீங்க...” அவன் மூச்சு வாங்கினான். “தெரிஞ்சேதான்.”

“ஸ்பேனர் வேணுமா?”

“அந்தப் படத்துல இருக்கிறது உங்க கை. குடையைக் கொடுத்தப்ப பாத்தேன். கட்டைவிரலுக்குக் கீழ அந்த மச்சத்தைக்கூட வரைஞ்சிருக்கீங்க. தினம் காலையில ஒரு தடவை... பாக்கணும்போல இருந்துச்சு.”

தன் கையைப் பார்த்துத்தான் வரைந்தாள். அந்த மச்சத்தையும் வரைந்தது அவளுக்கே நினைவில்லை. கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“காலையில ஏன் வாயே திறக்கல?”

“என்னாலதான் உங்க வேலை போகுதுன்னு நினைச்சேன். நாக்கு எழும்பல. பாதி வழி போயிட்டு, சொல்லாம போனா மனுஷனே இல்லன்னு திரும்பி வந்தேன். மேடம், என்னையும் கழிச்சுடுங்க.”

மேடம் கழித்தார். கடைசியாக ஒரு விசையைத் தட்டினார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம்?”

“பழசை விடப் புதுசுதான் மேல,” என்றார் மேடம். “உங்க அப்பா இல்லாம. இவர் இல்லாம. உள்ள போனவங்க இருந்து, படிச்சு, வாங்கியிருக்காங்க.” நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேடம் யாருக்காகவும் எழுந்து அவள் பார்த்ததில்லை. “நீ ஜெயிச்சுட்ட, பட்டன்!”

அப்பா கை தட்டினார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமல் அவர்களும் தட்டினார்கள்.

சரியான கணக்கும் விளக்கமும் அப்போதே போயின. சாயங்காலத்துக்குள் தடை நீங்கியது. ஸ்பேனர் கம்பெனி, இனி எல்லா விளம்பரமும் இந்தப் பெண்தான் செய்ய வேண்டும் என்றது. சிவப்பு விளம்பரத்தை அவள் தன் கையாலேயே எடுத்தாள். மேடம் நிரந்தர வேலைக்கான காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது அப்பா அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “நம்ம ஆள் இல்லைன்னு சொல்லிட்டேனே, தம்பி... கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன் போல.” பிறகு, “எனக்குச் சித்தப்பாவோட ஒரு வேலை இருக்கு,” என்று யாரும் கேட்காத காரணத்தைச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

பேருந்து நிறுத்தம். தகரக் கூரையில் மழை. இந்தமுறை கூரைக்கு வெளியே நடக்க இருவருக்கும் ஆசை. ஒரே குடை. கம்பியில் அவள் க்ளிப் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஒரு பாக்கி இருக்கு,” என்றாள்.

அவன் நின்றான். தொண்டையைச் செருமினான். “உங்க கை நல்லா விளங்குது.”

“கேக்கல. மழை சத்தம்.”

“உங்க கை நல்லா விளங்குது!” என்று தெருவே திரும்பும்படி கத்தினான். பிறகு, மழைக்கே கேட்காத குரலில், “அந்தக் கையை விட மனசில்லீங்க... எப்பவும்,” என்றான்.

குடையின் பிடியில் இருந்த அவன் விரல்களின் மேல் அவள் கை வந்து அமர்ந்தது.

அந்தக் கண்கள்... மறுபடியும் சிரித்தன.

“கை தவறிப் பட்டுச்சா?”

“இல்ல,” என்றாள். “தெரிஞ்சேதான்.”